அன்ரிக்குக் குளிராது

ரொறன்ரோவில் ஜனவரி மாதம் பஸ் தரிப்பில் நிற்கிற சனத்தை முகத்தை வைத்து அடையாளம் காண முடியாது. முகமே வெளியில் இருக்காது. தொப்பி, சால்வை, கோட்டு, அதற்குள் எங்கேயோ ஓர் ஆள். அப்படி நின்ற மூட்டைகளுக்கு நடுவில் ஒரு நூல் சேலை, அதற்கு மேல் பெயருக்கு ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை, வெறுங்கை, வெறுந்தலை என்று ஒருவர் நிற்பார். அவர்தான் எங்கள் அன்ரி.

நான் அப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் மோர்னிங்சைட் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தால் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிக் கத்துவேன். முழுக்க இறக்க எனக்குத் துணிவில்லை.

"அன்ரி! விறைச்சுச் சாகப்போறியள்! ஒரு கோட்டுப் போட்டால் என்ன?"

"எனக்குக் குளிராது தம்பி! நான் ஸ்கொட்லாந்து இரத்தம்!"

இது சந்தி முழுக்கக் கேட்கும். யாழ்ப்பாணத்தில் தொலைபேசி எக்சேஞ்சில் வேலை செய்தவர் அவர். அந்தக் காலத்து லைனில் கொழும்பில் இருக்கிறவனுக்குக் கேட்க வேண்டுமென்றால் முழுக் குடாநாட்டுக்கும் கேட்கிற மாதிரித்தான் கத்த வேண்டியிருந்ததாம். வேலை போனாலும் குரல் போகவில்லை.

எங்கள் கட்டடத்தில் எங்களுக்கு நேர் எதிர்க் கதவு அன்ரியுடையது. புருஷன் கனடாவுக்கு வந்த அடுத்த வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. கூடப் பிறந்தவர்களில் சிலரைச் சண்டை தின்றது, மிச்சப் பேரைத் தூர தேசங்கள் தின்றன. ஊரில் ஒன்றுவிட்ட தங்கச்சி ஒருவர் கன்னியாஸ்திரியாக இருந்தார். அன்ரிக்கு இரத்த உறவு என்று சொல்ல மிஞ்சியது அவரும், இறந்து நூறு வருடம் தாண்டிய ஒரு ஸ்கொட்லாந்துக்காரரும்தான். அந்த ஸ்கொட்லாந்துக்காரர் அன்ரியின் பூட்டன். அதாவது, அப்பாவுடைய அப்பாவின் தகப்பன்.

அன்ரி என்னைப்போலவே நல்ல கறுப்பு. ஒரு நாள் பகிடியாகக் கேட்டும் பார்த்தேன்.

"அன்ரி, வெள்ளைக்காரப் பூட்டன் எண்டுறியள். நிறத்திலை ஒண்டையும் காணேல்லையே?"

"நிறம் பூட்டியிட்டை எடுத்தது தம்பி. குளிர் தாங்கிறது பூட்டனிட்டை எடுத்தது. எல்லாத்தையும் ஒருத்தரிட்டையே எடுக்கலாமோ?"



என் மனைவி இந்தக் கதைக்கெல்லாம் மசிகிறவள் இல்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு ஊதா நிறத்தில் முழங்கால் வரை வருகிற தடித்த கோட்டு ஒன்றை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்ரி அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். வாற சனத்துக்கெல்லாம் அலுமாரியைத் திறந்து காட்டினார். "முன்வீட்டுப் பிள்ளை வாங்கித் தந்தது. வடிவெல்லே?" விலைச்சீட்டைக்கூடக் கழற்றவில்லை. கோட்டு அப்படியே வருடக்கணக்கில் தொங்கிற்று.

ஸ்காபரோவில் மீன் பொதி செய்கிற ஒரு குளிர் அறையில்தான் அன்ரி கொஞ்சக் காலம் வேலை செய்தார். எல்லோரும் விண்வெளிக்குப் போகிறவர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு உள்ளே போனால், இவர் கொம்பனி கொடுத்த ஜக்கெற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு போவார். சுப்பர்வைசர் ஏசினாராம். "மிஸ்டர், எங்கட பூட்டன் இதைவிடக் குளிரிலை கப்பல் ஓட்டினவர்" என்று அவருக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தியிருக்கிறார். அந்த மனுஷன் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாராம்.

பூட்டன் கப்டன் என்பது அன்ரியின் கணக்கு. நான் முதலில் கேட்டபோது அவருக்கு ஒரு கப்பல்தான் இருந்தது. மாதா கோயில் ஒன்றுகூடலில் சொன்னபோது அது இரண்டாயிற்று. இன்னும் நாலைந்து விருந்து நடந்திருந்தால் பிரித்தானியக் கடற்படையையே அன்ரி பூட்டன் கையில் கொடுத்திருப்பார்.

இந்த நிலையில்தான் ஒரு கலியாண வீட்டில் அன்ரியின் ஊர்க்காரக் கிழவர் ஒருவர் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "வெள்ளைக்காரனும் மண்ணாங்கட்டியும்! உவ சும்மா விடுற கதை. எங்கட ஊரிலை அப்பிடி ஒருத்தனும் இருக்கேல்லை." மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்ரி சிரிக்கவுமில்லை, கத்தவுமில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் கதவில் தட்டினார். காலை ஓட்டம் முடிந்து பின்னேர ஓட்டம் தொடங்கும்வரை நான் வீட்டில் சும்மா இருப்பேன் என்பது அவருக்குத் தெரியும்.

"தம்பி, நீர் கொம்பியூட்டர் தெரிஞ்ச ஆள். என்ரை பூட்டனைத் தேடித் தாரும். அவர் எங்கட ஆள்தான் எண்டு எனக்குக் கடதாசியிலை வேணும்."

அப்படித்தான் நாங்கள் ஆராய்ச்சியாளர்கள் ஆனோம். நூலகத்தில் ஒரு கணினிக்கு முன்னால் நானும் அன்ரியும். ஸ்கொட்லாந்தில் பிறப்பு, கலியாணம், சாவு, குடிசனக் கணக்கெடுப்பு எல்லாவற்றையும் படம் பிடித்து இணையத்தில் போட்டு வைத்திருந்தார்கள். அன்ரியிடம் இருந்த ஒரே சாட்சி அவருடைய அப்புவின், அதாவது அப்பாவுடைய அப்பாவின், பெயர்: அலெக்சாந்தர் செபமாலை. எங்கள் முறைப்படி முதலில் வருவது தகப்பன் பெயர். ஆகவே பூட்டன் பெயர் அலெக்சாந்தர். குடும்பப் பெயர் கேட்ட பெட்டிக்குள் நான் கண்ணை மூடிக்கொண்டு "அலெக்சாந்தர்" என்று தட்டினேன்.

வந்தார்களே ஒரு பட்டாளம்! அலெக்சாந்தரைக் குடும்பப் பெயராக வைத்திருக்கிற சனம் ஸ்கொட்லாந்தில் எக்கச்சக்கம். அதற்குள் ஒரு கடலோரக் குடும்பம் அகப்பட்டது. அதில் ஒருவன் மெய்யாகவே கப்டன், கிழக்கே போய்த் திரும்பாதவன். அன்ரி நூலகம் என்றும் பாராமல் "கண்டீரோ!" என்று கத்த, நூலகக்காரப் பிள்ளை எழும்பி வந்தாள். அந்தக் குடும்பத்தின் கல்லறைப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார் அன்ரி. அவர்களுடைய ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசையும் ஒப்புக்கொடுத்தார். நானும் போய் முழங்காலில் நின்றேன்.

இரண்டு மாதம் கழித்து ஊரிலிருந்து கன்னியாஸ்திரி ஒரு படம் அனுப்பினார். கோயில் கலியாணப் பதிவு. கைத்தொலைபேசியில் எடுத்தது, விரல் நிழலும் விழுந்திருந்தது. மாப்பிள்ளை, ஸ்கொட்லாந்து தேசத்தவர், பெயர் அலெக்சாந்தர். அதற்குப் பிறகு "மக்" என்று தொடங்கி நீளமாக ஒரு குடும்பப் பெயர். அலெக்சாந்தர் அவருடைய சொந்தப் பெயர்தான்!

என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இஞ்சாருங்கோ, உங்கட அப்பாவின்ரை பேரைச் சொல்லித்தானே உங்களைக் கனடா முழுக்க மிஸ்டர் போட்டுக் கூப்பிடுது. லைசன்ஸிலை, பாங்கிலை, பஸ் ஒப்பீசிலை எல்லாம் பேர் மாறிக் கிடக்கிற ஆளுக்கு இது விளங்க வேண்டாமோ?"

விளங்கியிருக்க வேண்டும்தான். ஆனால் அன்ரியின் கவலை வேறு.

"அப்ப அந்தப் பூசை?"

"அது ஆரோ முன்பின் தெரியாத சனத்துக்குப் போயிட்டுது அன்ரி."

கொஞ்சம் யோசித்தார். "பறவாயில்லை. பாவங்கள், புரட்டஸ்தாந்து ஆக்கள். அவையளுக்கு ஆர் பூசை வைக்கப்போகினம்?" கல்லறைப் படத்தையும் கழற்றவில்லை.

பதிவில் இன்னும் இரண்டு விஷயம் இருந்தது. மணப்பெண்ணுக்கு நேரே "கைம்பெண்" என்று எழுதியிருந்தது. "இருக்கட்டுமே, கைம்பெண் கலியாணம் கட்டப்படாதோ?" என்று அன்ரி அதைத் தாண்டிப் போனார். மாப்பிள்ளையின் தொழிலைத்தான் நான் மெல்லமாகச் சொல்ல வேண்டியிருந்தது. கப்டன் இல்லை. பீப்பாய் செய்கிறவர். தேங்காயெண்ணெய் ஏற்றுவதற்குப் பீப்பாய் அடிக்க வந்த தொழிலாளி.

அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார்.

"பீப்பாய் இல்லாட்டி அந்தக் கப்டன்மார் கப்பலிலை என்னத்தைத் தம்பி ஏத்திறது?"

அவ்வளவுதான். பூட்டனின் மதிப்பு ஒரு படியும் இறங்கவில்லை. கலியாண வீட்டுக் கிழவருக்குப் பதிவின் பிரதி ஒன்று தபாலில் போயிற்று.

சரியான பெயர் கிடைத்ததும் வேலை இலகுவாயிற்று. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் கூடுகிற ஓர் இணையப் பக்கத்தில் நான் நாலு வரி எழுதிப் போட்டேன். அடுத்த கிழமையே மறுமொழி வந்தது, எங்கேயிருந்து? ஸ்கொட்லாந்திலிருந்து இல்லை, விட்பியிலிருந்து! அரை மணி நேரக் கார் ஓட்டம். ஓய்வுபெற்ற ஆசிரியர், மனைவி இறந்தவர். பீப்பாய்க்காரரின் தம்பி வழியில் வந்தவர். பீப்பாய்க்காரருக்கு என்ன நடந்தது என்று வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தாராம்.

நொவெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்ரியைப் பார்க்க வந்தார். வந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். தடித்த கோட்டு, அதற்குள் ஸ்வெற்றர், அதற்குள் இன்னொரு ஸ்வெற்றர், காதை மூடின தொப்பி. அன்ரி வீட்டு யன்னல் வழமைபோல் திறந்து கிடந்தது. வந்து இருந்த மனுஷன் முதல் கேட்டது, அதைச் சாத்தலாமா என்றுதான். பெப்ரவரி வந்தால் புளோரிடாவுக்கு ஓடிவிடுவாராம்.

அன்ரி என்னை அடுப்படிக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, உவர் மெய்யாத்தான் ஸ்கொட்லாந்தோ?"

"ஓம் அன்ரி. எல்லாப் பதிவும் கிடக்கு."

"பின்னை ஏன் உந்த நடுக்கம் நடுங்கிறார்?"

ஆனால் இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று. அவர் நண்டுக் குழம்பு சாப்பிட்டு வியர்த்தபோதுதான் முதல் ஸ்வெற்றரைக் கழற்றினார். அன்ரி அவரைக் "கசின்" என்று கூப்பிட்டார், அவரும் அன்ரியைக் "கசின்" என்றார். ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் தொலைபேசி எடுப்பார். அந்த மணி அடித்தால் அன்ரி எங்கள் கதவைத் தட்டி, "என்ரை கசின் எடுக்கிறார்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் எடுப்பார். எங்களுக்குச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அன்ரி கதைக்கிறது எப்படியும் எங்களுக்குக் கேட்கும். தனியே இருக்கிற ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் வந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அந்த ஜனவரியில் விட்பி வீட்டில் அவர்களுடைய குடும்ப விருந்து. சுவரை நிறைக்கிற மாதிரி வம்ச மரம் ஒன்று வரைந்திருப்பதாகவும், சிலோன் கிளைக்கு இடம் விட்டிருப்பதாகவும் அவர் சொன்னார். அன்ரிக்குத் தலைகால் தெரியவில்லை. கிளை மொட்டையாக இருக்கக் கூடாது என்று கன்னியாஸ்திரியைப் பிடித்து உலுப்பினார். "அப்புவின்ரை ஞானஸ்நானப் பதிவையும் எடுத்து அனுப்பு, அவர் பிறந்த தீவுக் கோயிலிலை கிடக்கும்." பாவம், அந்த மனுஷி வள்ளம் ஏறிப் போய் எடுத்தார்.

படம் வந்தபோது அன்ரி எங்கள் குசினியில் இருந்தார். தேத்தண்ணிக் கோப்பை ஒரு கையில், தொலைபேசி மற்றக் கையில். உரத்து வாசிக்கத் தொடங்கினார். செபமாலை. தாயின் பெயர் பூட்டியுடையது. தகப்பன் பெயர் வேறு. எங்கள் சனத்தில் ஒருவருடைய பெயர், தொழில் கடற்றொழில். ஞானஸ்நானம் கொடுத்த ஆண்டு, பூட்டியின் இரண்டாம் கலியாணத்துக்கு மூன்று வருடம் முந்தியது.

குரல் நடுவிலேயே நின்றுவிட்டது. அந்தக் குரல் நின்று நான் கண்டதில்லை.

விஷயம் எங்களுக்கு விளங்க நேரம் எடுக்கவில்லை. முதல் புருஷனைக் கடல் கொண்டுபோக, கைக்குழந்தையோடு நின்றவள் பூட்டி. பீப்பாய்க்காரர் அவளைக் கட்டினார், பிள்ளைக்குத் தன் பெயரைக் கொடுத்தார். கோயிலில் அவருக்கென்று வேறு பிள்ளை பதியப்படவே இல்லை.

"அன்ரி," என்றேன், "உதைச் சொல்லத் தேவையில்லை. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே தம்பி."

"அந்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமையிலை எடுக்கிறார். உங்களுக்கும் ஒரு ஆறுதல். ஏன் கெடுக்கவேணும்?"

"அந்த மனுஷன் தன்ரை இரத்தம் எண்டு நினைச்செல்லே எடுக்கிறார்." கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எதிர்க் கதவில் சத்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது, அடித்து அடித்து நின்றது. என் மனைவி சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, "யன்னல் சாத்திக் கிடக்கு" என்று மட்டும் சொன்னாள். 

விருந்து நாளன்று நான்தான் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தேன். அன்ரி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். கதவைத் திறந்து வந்தார். ஊதாக் கோட்டுப் போட்டிருந்தார். கழுத்து வரைக்கும் பொத்தான் பூட்டி, கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு. விலைச்சீட்டு மணிக்கட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன அன்ரி, கோட்டு?"

"குளிருது."

இத்தனை வருடமாக நான் கத்திக் கத்திக் கேட்டது இந்த ஒரு சொல்லைத்தான். கேட்டபோது எனக்கு அழுகை வந்தது.

நெடுஞ்சாலையில் நான் ஹீற்றரைக் கூட்டினேன், வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. விட்பியில் அந்த வீட்டு வாசலில் கார் நின்றதும், கதவைத் திறந்துகொண்டு மனுஷன் ஓடி வந்தார். குளிருக்கு அவ்வளவு பயந்தவர், சந்தோஷத்தில் ஒற்றை ஸ்வெற்றரோடு, வீட்டுச் செருப்போடு. உள்ளே அவர்களுடைய தோற்பை வாத்தியத்தை யாரோ ஊதிப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

அன்ரி இறங்கினார். ஓர் அடி முன்னால் வைக்கவில்லை. பனிக்குள் நின்றபடி ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

"நான் ஒண்டு சொல்லவேணும். கேட்டிட்டு, நான் உள்ளை வாறதோ திரும்பிப் போறதோ எண்டு நீங்கள் சொல்லுங்கோ. என்ரை அப்பு உங்கட ஆளுக்குப் பிறந்த பிள்ளை இல்லை. புருஷன் செத்த பொம்பிளையை அவர் கட்டினவர். அவ கையிலை இருந்த பிள்ளைக்குத் தன்ரை பேரைக் குடுத்து வளர்த்தவர். என்ரை உடம்பிலை உங்கட இரத்தம் ஒரு துளியும் இல்லை. முந்தி எனக்குத் தெரியாது. தெரிஞ்ச பிறகு உங்கட சுவரிலை என்ரை பேர் கிடக்கக் கூடாது."

சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனுஷனுக்குப் பல்லுக் கிட்டித்தது, அது குளிரா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"எங்கள் வீட்டில் அவரைப் பற்றி இருந்தது ஒரு பேச்சுத்தான்," என்றார். "சிலோனுக்குப் போனார். என் தகப்பன் சொன்னது அது, அவருடைய தகப்பன் சொன்னதும் அது. எங்கேயோ காய்ச்சலில் கிடந்து, பக்கத்தில் ஒருத்தரும் இல்லாமல் செத்திருப்பார் என்றுதான் நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். நீங்கள்தான் வந்து, அவருக்கு ஒரு வீடு இருந்தது என்று சொன்னீர்கள். மனைவி இருந்தாள், வளர்க்க ஒரு பையன் இருந்தான் என்று சொன்னீர்கள். அவர் பெயரை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிய ஓர் ஆள் இருக்கிறார். என் சொந்தப் பேரப்பிள்ளைகள் என் பெயரை அப்படிச் சொல்ல மாட்டார்கள்." கைகளைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டார். "சுவரில் ஒன்றையும் நான் அழிக்கப்போவதில்லை. எனக்குக் கால் விறைக்கிறது. தயவுசெய்து உள்ளே வாருங்கள், கசின்."

அன்ரி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு மெல்ல அவரை மேலும் கீழும் பார்த்தார். உதடு நீலம் பாரித்து, செருப்புக்குள் பனி புகுந்து, நிலையாக நிற்க முடியாமல் துள்ளிக்கொண்டு நின்றது அந்த உருவம். அன்ரி பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஊதாக் கோட்டை எடுத்து அந்த மனுஷனின் தோளில் போர்த்தி, கழுத்தடியில் இறுக்கியும் விட்டார். விலைச்சீட்டு அவர் நெஞ்சில் தொங்கிற்று.

பிறகு என் பக்கம் திரும்பினார். சந்திக்கே கேட்கிற அந்தப் பழைய குரல் வந்துவிட்டது.

"தம்பி, உவரின்ரை ஞானஸ்நானப் பதிவையும் ஒருக்காத் தேடிப் பாரும். உவர் ஸ்கொட்லாந்தாய் இருக்கேலாது!"

சொல்லிவிட்டு, நூல் சேலையோடு வெறுங்கையை வீசிக்கொண்டு, எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் படியேறி உள்ளே போனார்.